கைபேசியும் குடும்பக் கணக்கும்

கடலோரச் சிற்றூர் ஒன்றில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவரை நாம் அறிவோம். அவருடைய ஒரே மகன் குவைத்தில் பணிபுரிகிறார். ஞாயிறுதோறும் மாலை வேளையில் தாயை அழைத்துப் பேசுவது அவர் வழக்கம். அண்மையில் இரண்டு ஞாயிறுகள் அந்த அழைப்பு வரவேயில்லை. மகன் மறந்துவிட்டானோ, வேலையில் ஏதேனும் இடர் நேர்ந்துவிட்டதோ என்று தாய் உறக்கமின்றித் தவித்தார். அங்கே மகனோ, எத்தனை முறை முயன்றும் இணைப்புக் கிடைக்காமல், அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று கலங்கினார். இறுதியில் பக்கத்து வீட்டாருக்குச் செய்தி அனுப்பி, அவர்கள் போய்ப் பார்த்த பின்னரே இரு உள்ளங்களும் அமைதியடைந்தன.

நடந்தது என்ன? நாம் சென்று கேட்டபோது அம்மூதாட்டி தம் பட்டன் போனை எடுத்து நீட்டினார். “போன் நல்லாத்தான் இருக்கு சாமி. உள்ளே அறுபது ரூபாய் காசும் கிடக்கு. பிறகு ஏன் அடிக்க மாட்டேங்குது?” என்று வினவினார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. போனில் பழுதில்லை, காசும் இருந்தது. ஆனால், அவருடைய ரீசார்ஜின் செல்லுபடிக் காலம், அதாவது கடைக்காரர்கள் ‘வேலிடிட்டி’ என்று சொல்லும் காலம், முடிந்துபோயிருந்தது. ஆதலின் அழைப்புகள் உள்ளே வரும் வழி அடைபட்டுவிட்டது.

இத்தகைய துயரம் இன்று பல இல்லங்களில் நிகழ்கிறது. வேறு சில இல்லங்களிலோ இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பேசும் பாட்டிக்கு, நாள்தோறும் ஒன்றரை ஜிபி டேட்டா தரும் ரீசார்ஜ் செய்யப்படுகிறது. பயன்படாத அந்த டேட்டா இரவு பன்னிரண்டு மணிக்கு மறைந்துபோகிறது. இத்தவற்றை நாமும் ஓராண்டுக் காலம் செய்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கடைக்காரர் சொன்னதைக் கேட்டுப் பணம் கொடுத்தோமேயன்றி, நமக்குத் தேவை எது என்று எண்ணிப் பார்த்தோமில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே, குறைவாகப் பேசுவோருக்குரிய ரீசார்ஜை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

காலம் மாறிய கதை

நம் நாட்டில் கைபேசிச் சேவை 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் தொடங்கியது. அன்று மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் அழைப்பவரும் பணம் கொடுத்தார்; அழைப்பை ஏற்பவரும் பணம் கொடுத்தார். 2003ஆம் ஆண்டு மே மாதம் அழைப்பவர் மட்டுமே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தபோது, எளிய மக்களின் கைகளிலும் இக்கருவி தவழத் தொடங்கியது. அதன்பின் ‘ஆயுட்காலத் திட்டங்கள்’ வந்தன. ஒருமுறை பணம் கட்டிவிட்டால் ஆண்டுக்கணக்கில் அழைப்புகள் வந்துகொண்டேயிருக்கும். வேண்டும்போது பத்து ரூபாய் போட்டுப் பேசிக்கொள்ளலாம். நம் மூதாட்டி பழகியது அந்தக் காலத்துக்குத்தான்.

2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கிய பின் இந்நிலை மாறியது. நிமிடத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு மறைந்து, ஒரு தொகைக்கு இத்தனை நாட்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்ற முறை பரவியது. அழைப்புகளை ஏற்பதற்கு மட்டுமே போன் வைத்திருப்போரால் தங்களுக்கு வருவாய் இல்லை என்று கண்ட ஏனைய பெரிய நிறுவனங்கள், 2018ஆம் ஆண்டு இறுதியில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. 28 நாட்களுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தாலன்றி இணைப்பு நீடிக்காது என்பதே அது. அந்தக் குறைந்தபட்சத் தொகை படிப்படியாக ஏறியது. 2024ஆம் ஆண்டு ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின், ஏர்டெல் நிறுவனத்தில் அளவின்றிப் பேசும் வசதியுடன் கூடிய 28 நாள் ரீசார்ஜின் தொடக்க விலை 199 ரூபாய் ஆயிற்று.

இதன் பொருள் யாது? அதிகம் பேசுபவருக்கு இந்த மாற்றம் ஆதாயம். குறைவாகப் பேசுபவருக்கோ இது சுமை. ஏனெனில், அவர் இன்று விலை கொடுத்து வாங்குவது பேச்சை அன்று, நாட்களை. போன் ஒலிக்கக்கூடிய நாட்களையே அவர் வாங்குகிறார். இந்த ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை யாவும் எளிதாகும்.

முதலில் பழக்கத்தை அறிக

கடைக்குச் செல்லுமுன் வீட்டில் அமர்ந்து சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். போன் வைத்திருப்பவர் யாரிடம் பேசுகிறார்? அவர் அழைப்பது மிகுதியா, அவருக்கு அழைப்பு வருவது மிகுதியா? படங்களும் காணொளிகளும் பார்க்கிறாரா? வெளியூர்ப் பிள்ளைகள் சாதாரண அழைப்பில் பேசுகிறார்களா, முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பில் பேசுகிறார்களா? வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி எந்த எண்ணுக்கு வருகிறது?

இக்கேள்விகளுக்கு விடை கண்டால், குறைவாகப் பயன்படுத்துவோர் மூன்று வகையினராகப் பிரிவதைக் காணலாம்.

முதல் வகையினர், பட்டன் போன் வைத்துப் பேச மட்டுமே செய்பவர்கள். இவர்களுக்கு டேட்டா எள்ளளவும் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சாதாரண அழைப்புக்கும் நம் நாட்டில் இருக்கும்போது இவர்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அழைக்கும் பிள்ளையே செலுத்துகிறார்.

இரண்டாம் வகையினர், ஸ்மார்ட்போன் வைத்திருந்தாலும் வீட்டில் வைஃபை வசதி உள்ளவர்கள். வீட்டைவிட்டு அதிகம் வெளியே செல்லாத பெரியவர்கள் பலர் இவ்வகையினரே. வீட்டு வைஃபையிலேயே பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசிவிடலாமாதலால், சிம் கார்டுக்குத் தனியாக டேட்டா வாங்குவது ஒரே பொருளுக்கு இருமுறை விலை கொடுப்பதாகும்.

மூன்றாம் வகையினர், வைஃபை இல்லாமல் ஸ்மார்ட்போனில் ஓரிரு செய்திகளும் படங்களும் பார்ப்பவர்கள். இவர்களுக்குச் சிறிதளவு டேட்டா வேண்டும். ஆனால், நாள்தோறும் இவ்வளவு என்று அளந்து தரும் திட்டத்தைவிட, காலம் முழுமைக்கும் சேர்த்து ஒரே அளவாகத் தரும் திட்டம் இவர்களுக்குப் பொருந்தும். மேலே சொன்ன 199 ரூபாய் ரீசார்ஜ் அத்தகையது. 28 நாளைக்கும் சேர்த்து 2 ஜிபி டேட்டா. இன்று பயன்படாதது நாளைக்கு எஞ்சும். வெளிநாட்டுப் பிள்ளை அடிக்கடி வீடியோ அழைப்பில் பேசுபவரானால் மட்டும் இந்த அளவு போதாது. அவ்வில்லத்தார் தங்களைக் குறைவாகப் பயன்படுத்துவோர் என்று எண்ணிக்கொள்ளலாகாது.

பேச்சுக்கு மட்டும் ஒரு திட்டம்

முதலிரு வகையினருக்கும் மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. டேட்டா வேண்டாதவரும் டேட்டாவுக்குச் சேர்த்துப் பணம் கொடுக்கும் நிலையைக் கண்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2024ஆம் ஆண்டு டிசம்பரில் விதிகளைத் திருத்தியது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமே உரிய ரீசார்ஜ் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. இத்தகைய சிறப்பு ரீசார்ஜ்களின் காலத்தை 90 நாளுக்கு மேற்படாமல் வைக்கவேண்டும் என்றிருந்த வரம்பையும் 365 நாளாக உயர்த்தியது.

இதன் விளைவாக 2025ஆம் ஆண்டு ஜனவரியில் புதிய திட்டங்கள் வெளிவந்தன. ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய் என்றும், 365 நாளுக்கு 1849 ரூபாய் என்றும் அறிவித்தது. ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய் என்றும், 336 நாளுக்கு 1748 ரூபாய் என்றும் அறிவித்தது. இவை யாவும் அளவின்றிப் பேசும் வசதி கொண்டவை, டேட்டா இல்லாதவை. ஆயினும், கடைகளின் முகப்பில் இவை பெரிதாக எழுதப்படுவதில்லை. நாமாகவே, “பேச மட்டும், நெட் இல்லாத ரீசார்ஜ் வேண்டும்” என்று கேட்டு வாங்கவேண்டும்.

இங்குக் குறித்துள்ள தொகைகள் அந்தந்த மாதத்தில் நடைமுறைக்கு வந்தவை. கட்டணத்தை ஆணையம் நிர்ணயிப்பதில்லை. நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன, அடிக்கடி மாற்றவும் செய்கின்றன. ஆதலின் பணம் கொடுக்குமுன் அன்றைய விலையையும், எத்தனை நாள் என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாட்கணக்கே உண்மைக் கணக்கு

பல குடும்பத் தலைவிகள், “குறைந்த தொகைக்குப் போடுங்கள்” என்றே கடைக்காரரிடம் சொல்வார்கள். சிறிய தொகையே சிக்கனம் என்பது அவர்களது எண்ணம். அது சரிதானா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகையை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு நாளைக்கு ஆகும் செலவு தெரிந்துவிடும்.

199 ரூபாயை 28ஆல் வகுத்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 ரூபாய் 11 காசு ஆகிறது. 469 ரூபாயை 84ஆல் வகுத்தால் 5 ரூபாய் 58 காசு. 448 ரூபாயை 84ஆல் வகுத்தால் 5 ரூபாய் 33 காசு. 1748 ரூபாயை 336ஆல் வகுத்தால் 5 ரூபாய் 20 காசு. 1849 ரூபாயை 365ஆல் வகுத்தால் 5 ரூபாய் 7 காசு.

மிகப் பெரியதாகத் தோன்றிய தொகையே நாட்கணக்கில் மிகச் சிறியதாக இருக்கிறதன்றோ? இன்னொன்றையும் கவனியுங்கள். 1748 ரூபாய்த் திட்டம் 1849 ரூபாய்த் திட்டத்தைவிட 101 ரூபாய் குறைவாகத் தோன்றுகிறது. ஆனால், அதில் 29 நாட்களும் குறைவு. ‘ஆண்டுத் திட்டம்’ என்ற பெயரைக் கேட்டு மயங்காமல் நாட்களை எண்ணவேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

‘மாதம்’ என்ற சொல்லும் அவ்வாறே ஏமாற்றும். 28 நாள் என்பது ஒரு மாதம் அன்று, நான்கு வாரம். ஆகவே, ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கும். 199 ரூபாயைப் பதின்மூன்று முறை கொடுத்தால் 2587 ரூபாய் ஆகிறது. அதே நிறுவனத்தின் 1849 ரூபாய்த் திட்டத்தோடு ஒப்பிட்டால் 738 ரூபாய் மிச்சம். டேட்டா தேவைப்படாத ஒரு முதியவரின் இல்லத்தில் அத்தொகை ஒரு மாத மருந்துச் செலவுக்கு உதவக்கூடும்.

ஆயினும், எல்லாராலும் ஒரே நேரத்தில் 1849 ரூபாய் கொடுக்க இயலுமா? இயலாது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தாரிடம், “ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டுங்கள்” என்று சொல்வது எளிது; செய்வது அரிது. அத்தகையோர் 84 நாள் திட்டத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் பலர் தங்கள் போனிலிருந்தே பெற்றோரின் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய வல்லவர்கள். பிறந்தநாளுக்கு ஒரு புடவை எடுத்து அனுப்புவது போல, ஆண்டுக்கு ஒருமுறை தாய் தந்தையின் போனுக்கு முழு ஆண்டு ரீசார்ஜ் செய்வதைப் பிள்ளைகள் ஒரு வழக்கமாக்கிக் கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கருவியும் அலைவரிசையும்

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கையிலுள்ள கருவியையும் பார்க்கவேண்டும். பழைய பட்டன் போன்கள் பல 2ஜி முறையில் மட்டுமே இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லை; ஆதலின் அந்தச் சிம்மை அவற்றில் போட்டால் பயன் தராது. அந்நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜூலையில் 999 ரூபாய் விலையில் 4ஜி பட்டன் போன் ஒன்றை வெளியிட்டு, அதற்கென 28 நாளுக்கு 123 ரூபாய்த் திட்டத்தையும் அறிவித்தது. நாளொன்றுக்கு 4 ரூபாய் 39 காசு என்பது குறைந்த செலவே. ஆனால், அந்தத் திட்டம் அந்தப் போனுக்கு மட்டுமே உரியது. போனை மாற்றினால் திட்டமும் மாறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். படுக்கையறையிலும் சமையற்கட்டிலும் அழைப்பு வருகிறதா என்று சோதியுங்கள். வாசலுக்கு ஓடிவந்தால்தான் பேச முடியும் என்றால், மூட்டுவலியால் வருந்தும் பெரியவருக்கு அந்த மலிவான திட்டத்தால் என்ன பயன்? புதிய நிறுவனத்துக்கு மாறுவதானால், முதலில் குறுகிய காலத்துக்கு ரீசார்ஜ் செய்து பார்த்து, நிறைவளித்த பின்னரே நீண்ட காலத் திட்டத்துக்குச் செல்லுதல் அறிவுடைமை.

எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் 2011ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து உண்டு. ‘போர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும், ஓர் இடம் விட்டுத் தம் எண்ணையும் எழுதி 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதனுடன் அடையாளச் சான்றையும் எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குச் செல்லவேண்டும். பழைய ரீசார்ஜில் எஞ்சிய நாட்களும் காசும் கூடவே வருவதில்லை. ஆதலின், செல்லுபடிக் காலம் முடியும் தறுவாயில் மாறுவதே சிக்கனம்.

காசு வேறு, காலம் வேறு

இப்பொழுது நம் மூதாட்டியின் அறுபது ரூபாய்க்கு வருவோம். அவர் பத்துப் பத்து ரூபாயாகப் போட்டு வைத்தது ‘டாப்-அப்’ எனப்படும். பத்து ரூபாய்க்கு டாப்-அப் செய்தால், வரியும் சேவைக் கட்டணமும் போக 7 ரூபாய் 47 காசு கணக்கில் சேரும். அது பேசுவதற்கான காசு மட்டுமே. காலத்தை நீட்டிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. காலத்தை நீட்டிக்க வேண்டுமாயின், செல்லுபடிக் காலம் கொண்ட ரீசார்ஜையே செய்யவேண்டும். பையில் பணம் இருந்தும் பேருந்துச் சீட்டு வாங்காதவர் நிலை போன்றது இது.

தொடர்ந்து 90 நாட்கள் எவ்விதப் பயன்பாடும் இல்லாதிருந்தாலன்றி, பயன்படுத்தவில்லை என்ற காரணத்துக்காக ஓர் எண்ணை நிறுத்தக்கூடாது என்றும், கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு எண்ணைக் காக்கவேண்டும் என்றும் 2013ஆம் ஆண்டிலிருந்தே விதி உண்டு. பலர் இதைக் கேள்வியுற்று, இருபது ரூபாய் இருந்தால் போதும், போன் இயங்கும் என்று நம்புகிறார்கள். அது தவறு. அந்த விதி எண் பறிபோகாமல் காக்கிறது. அழைப்பு வரும் என்று உறுதி கூறவில்லை.

எண் பறிபோவதும் சிறிய இழப்பன்று. வங்கிக் கணக்கு, சமையல் எரிவாயுப் பதிவு, ஆதார் ஆகியவற்றோடு அந்த எண்ணே இணைக்கப்பட்டிருக்கும். கைவிடப்பட்ட எண் சில மாதங்களுக்குப் பின் முன்பின் அறியாத ஒருவருக்கு வழங்கப்படலாம். நம் வங்கிச் செய்திகள் அவர் கைக்குப் போகலாம். ஆகவே, பயன்படுத்தாத எண்ணை விட்டுவிட எண்ணுவோர் முதலில் வங்கிக்குச் சென்று எண்ணை மாற்றிப் பதிவு செய்யவேண்டும்.

சில எச்சரிக்கைகள்

டேட்டா இல்லாத திட்டத்தை ஸ்மார்ட்போனில் பயன்படுத்துவோர், மொபைல் டேட்டாவை அணைத்து வைத்தல் வேண்டும். இல்லாவிடில் டாப்-அப் காசு கரையக்கூடும். நகைச்சுவை, பாடல், சோதிடம் என்று அறியாமலே தொடங்கப்பட்ட சேவைகளுக்காகக் காசு குறைந்தால், 155223 என்ற எண்ணை அழைத்து அவற்றை நிறுத்தலாம். மற்றக் குறைகளை 198 என்ற எண்ணில் கட்டணமின்றித் தெரிவிக்கலாம்.

ரீசார்ஜ் முடியும் நாளை வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். 28 நாளும் 84 நாளும் முழு வாரங்களாதலால், ஞாயிறன்று தொடங்கினால் சனிக்கிழமையன்றே முடியும். நினைவில் கொள்வது எளிது. ஓய்வூதியம் வரும் தேதியை ஒட்டிச் செலவு செய்ய விரும்புவோர், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் ரீசார்ஜைக் கேட்டு வாங்கலாம். 2022ஆம் ஆண்டு ஜனவரி ஆணைப்படி ஒவ்வொரு நிறுவனமும் அத்தகைய ரீசார்ஜ் ஒன்றை வைத்திருக்கவேண்டும்.

மீண்டும் மணி ஒலித்தது

அந்த மூதாட்டியின் கதையை முடித்துவிடுவோம். அவர் பேச மட்டுமே செய்பவர். பட்டன் போன் வைத்திருப்பவர். வீட்டில் சிக்னல் குறைவில்லை. ஆதலால், அவர் ஏற்கெனவே வைத்திருந்த நிறுவனத்திலேயே 84 நாள் பேச்சுத் திட்டம் போதும் என்று முடிவாயிற்று. மகன் குவைத்திலிருந்தே பணம் கட்டினார். முடியும் நாளை ஒரு சிறு தாளில் எழுதிப் போனின் பின்புறம் ஒட்டினோம். அதே தேதியை மகனும் தம் போனில் குறித்துக்கொண்டார். ஒருவர் மறந்தாலும் மற்றவர் நினைவூட்டுவார் அல்லவா?

அடுத்த ஞாயிறு மாலை அந்தப் போன் ஒலித்தது. “அம்மா, நல்லா இருக்கீங்களா?” என்ற குரல் கேட்டது. தாய் பேசியது மூன்று நிமிடமே. அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் மற்ற நாட்களுக்கும் சேர்த்து நாம் விலை கொடுக்கிறோம். கொடுக்கும் விலையை அறிந்து கொடுப்போம், அளந்து கொடுப்போம். இன்றே உங்கள் வீட்டுப் பெரியவரின் போனை எடுத்து, அதன் செல்லுபடிக் காலம் என்று முடிகிறது என்பதைப் பார்த்துவிடுங்கள்.